மூன்று மாதம் குறைகிறது

விதி எழுதுகிற எவனும் அது யாருக்கு உறைக்கும் என்று பார்த்துத்தான் எழுதுகிறான். கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பொது நன்மை, கல்வித் தரம் என்று கதை அளப்பார்கள். மின்னியல் துறைப் பேராசிரியரும் அப்படித்தான் அளந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஃபியூஸ். கொஞ்சம் கூடினால் போதும், பட்டென்று போய்விடுவார். போனால் வகுப்பு மொத்தமும் இருட்டு.

அன்றைக்கு முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணல். சேர்க்கைக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். காலையிலேயே நல்ல குஷியில் வந்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஒரு மாணவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அந்தப் பையன் பயந்து ஓரமாக ஒதுங்கினான். அறைக்குள் நுழைந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சிப் பிரிவைக் கவனிக்கிற கண்காணிப்பாளர் அம்மா ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், உங்ககிட்ட சேர வந்திருக்கிற பொண்ணு விஷயமா..."

"ஏன், மார்க் குறையுதா?"

"மார்க்கெல்லாம் பிரமாதம் சார். முதுகலைல கேக்கற அளவுக்கு மேலயே இருக்கு. எழுத்துத் தேர்வுல அவங்கதான் முதல். ஆராய்ச்சித் திட்டம் குடுத்திருக்காங்க, வேலைய விட்டதுக்கான ஆணையும் குடுத்திருக்காங்க. எல்லாம் சரியா இருக்கு."

"அப்புறம் என்னம்மா?"

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "நீங்கதான் சார் சரியா இல்ல."

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"வழிகாட்டிக்கு மூணு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கணும்ல சார். உங்களுக்கு மூணு மாசம் குறையுது."

"என்ன உளர்ற? நான் ஓய்வு பெறற கல்வியாண்டு முடியறவரைக்கும் எனக்கு நீட்டிப்பு உண்டு. அத சேத்தா மூணு வருஷத்துக்கு மேலயே வருது."

"நீட்டிப்ப சேக்கக் கூடாதுன்னு விதிலயே இருக்கு சார்." அவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "நீங்க எழுதினதுதான்."

பேராசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். ஆமாம், அவர் எழுதியதுதான். அதுவும் எப்பேர்ப்பட்ட ஆசையோடு எழுதியது!

அந்தக் கூத்தைச் சொல்லத்தான் வேண்டும். அப்போது துறையில் பெரிய சார் என்று ஒருவர் இருந்தார். பேராசிரியருக்கு மூத்தவர், மூத்தவர் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் ஞாபகப்படுத்துகிறவர். நல்ல மாணவர்கள் எல்லாம் அவரிடமே போய் விழுந்தார்கள். நம் ஆளுக்கு வயிறு எரிந்தது. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை, ஒரு விதியை மீறியதில்லை, ஒருவருக்கும் சலுகை காட்டியதில்லை. அப்படி இருந்தும் பையன்கள் அந்தப் பக்கமே போனால் எரியாமல் என்ன செய்யும்?

எனவே ஒரு விதி வந்தது. ஆராய்ச்சியை முடிக்க மாணவனுக்குக் குறைந்தது மூன்று வருடம் ஆகும். ஆகையால் வழிகாட்டிக்கும் மூன்று வருடப் பணி மீதம் இருக்க வேண்டும். நியாயமான விதிதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிய சாரின் பிறந்த நாள் கல்வியாண்டின் நடுவில் வந்தது. நடுவில் வயது முடிகிற ஆசிரியர்களை அந்த ஆண்டு முடியும்வரை வைத்துக்கொள்வது வழக்கம். அந்த நீட்டிப்பைச் சேர்த்தால் அவர் விதிக்குள் வந்துவிடுவார். அதனால் நம் பேராசிரியர் ஒரு வரி சேர்த்தார்: நீட்டிப்புக் காலம் கணக்கில் வராது. எலி போகிற ஓட்டையை அடைத்தாயிற்று. கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

அந்த வருடம் பெரிய சாரிடம் சேர ஒரு இளைஞன் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஃபைலோடு, நேர்காணல் அறைக்கு வெளியே நின்றான். விதியில் ஒரு சின்ன வாசல் இருந்தது. குழுவில் எல்லோரும் ஒருமனதாகக் கை தூக்கினால், காரணத்தைப் பதிவு செய்து தளர்த்தலாம். டீன் வற்புறுத்திச் சேர்த்த வாசல் அது. பெரிய சார் தன் வீம்பையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, "நல்ல பையன்ப்பா, இந்த ஒரு தடவை" என்று கேட்டார். மற்றவர்கள் கை தூக்கினார்கள். நம் ஆளுடைய கை மட்டும் மேசையிலேயே கிடந்தது. "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்" என்று வேறு சொன்னார். வெளியே நின்றவனிடம் சேதி சொல்லக் கண்காணிப்பாளர் அம்மாவைத்தான் அனுப்பினார்கள். அவன் என்ன ஆனான் என்று பேராசிரியர் கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், இவருடைய பிறந்த நாளும் நடு ஆண்டில் வருகிறது என்பது இவருக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். ஆனால் அந்த வரி அவர் மனதில் பெரிய சாருக்காக எழுதிய வரி. தன்னையும் தொடும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. சம்பளப் பிரிவு, வீடு, நண்பர்கள், எல்லோரும் நீட்டிப்பைச் சேர்த்தே அவர் ஓய்வைச் சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். வகுப்பில் தசமப் புள்ளி இடம் மாறினால் தாண்டவம் ஆடுகிற மனிதர்!

இதில் தன் தலைதான் உருளும் என்றால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பார். உருளப் போவது அவர் தலை இல்லை.

அந்தப் பெண் அவருடைய பழைய மாணவி. ஒரு பாலிடெக்னிக்கில் நிரந்தர வேலை, வீட்டில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை, கடன் வாங்கிக் கட்டிய வீடு. வெயிலும் மழையும் தூசியும் பட்டுப் பட்டு மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதில் அவளுக்கு ஒரு கிறுக்கு. எங்கேயாவது உடைந்து விழுந்த பீங்கானைக் கண்டால் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். வருடா வருடம் வந்து, "சார், பகுதி நேரமா சேந்துக்கட்டுமா?" என்று கேட்பாள். பகுதி நேரம் என்றால் இவருக்கு ஆகாது. உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடத்தில் தூசி படிந்து கிடக்கிற, செயற்கை மின்னல் உண்டாக்குகிற இம்பல்ஸ் ஜெனரேட்டருக்கு முன்னால் தினமும் ஆள் நிற்க வேண்டும். தன் பெயரைச் சொல்ல ஒரு நல்ல ஆராய்ச்சி, ஓய்வுக்கு முன்னால். அந்த ஆசையும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

முழு நேரம் சேருகிறவர்கள் நேர்காணலுக்கே வேலையை விட்ட ஆணையோடு வர வேண்டும். அவள் தயங்கினாள். "வீட்ல எல்லாரும் பயப்படறாங்க சார்" என்றாள்.

"நான் இருக்கேன்ல? தைரியமா விட்டுட்டு வா. மத்தத நான் பாத்துக்கறேன்."

இப்படித்தான் வாயை விட்டார். அவளும் விட்டுவிட்டு வந்துவிட்டாள். இந்தத் துறையில் வேறு வழிகாட்டியிடம் மாற்றிவிடலாம் என்றால், உயர் மின்னழுத்தம் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் சிப்பும் மென்பொருளும்.

ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தார். அவள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நடந்ததைச் சொன்னார்.

"என்னங்க இது! அந்தப் பொண்ணு போன வாரம் வீட்டுக்கு வந்து எவ்வளவு சந்தோஷமா பேசிட்டுப் போச்சு!"

"அதான்டி எனக்கும்..."

"தளர்த்தலாம்னு ஏதோ வழி இருக்குன்னு சொல்வீங்களே?"

"அதுக்கு எல்லாரும் கை தூக்கணும். இன்னைக்கு வெளியிலேர்ந்து நிபுணரா யாரு வர்றாங்க தெரியுமா?"

"யாரு?"

"பெரிய சாரு."

பெரிய சார் ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் கல்லூரியில் ஆலோசகராகச் சேர்ந்திருந்தார். வெளி நிபுணரை நியமிப்பது டீன் அலுவலகம். அங்கே யாருக்கோ அவர் பெயர் ஞாபகம் வந்திருக்கிறது.

மனைவி சிரித்துவிட்டாள். அப்புறம் சிரித்ததற்கு வருத்தப்பட்டவள் மாதிரி குரல் மாறியது. "நல்லா வேணும் உங்களுக்கு. போய் கேளுங்க. கெஞ்சணும்னா கெஞ்சுங்க. மானம் போச்சு மரியாதை போச்சுன்னு அந்தப் பொண்ண நடுத்தெருவுல விட்டுட்டு வீட்டுக்கு மட்டும் வராதீங்க."

நேர்காணல் தொடங்கியது. நீளமான மேசை, தண்ணீர் பாட்டில்கள், சத்தம் போடுகிற ஏ.சி. பேராசிரியருக்கு வலப்பக்கம் பெரிய சார். முடி முழுக்க நரைத்துவிட்டது, மிடுக்கு குறையவில்லை. இடப்பக்கம் துறையிலேயே இருக்கிற ஒரு இணைப் பேராசிரியர். தலைவர் எது சொன்னாலும் ஆமாம் போட்டுப் போட்டே தலையாட்டி என்று பெயர் வாங்கியவர்.

அவள் உள்ளே வந்து மூன்று பேருக்கும் வணக்கம் சொன்னாள். பேராசிரியரைப் பார்த்து மட்டும் கொஞ்சம் சிரித்தாள். நம்ம சார் இருக்கிறார் என்கிற சிரிப்பு. அவர் குனிந்து மதிப்பெண் தாளைப் பார்த்துக்கொண்டார்.

கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் வந்தது. ஈரப்பதம் கூடினால் என்ன ஆகும், உப்புக் காற்று பட்டால் கசிவு எப்படித் தொடங்கும், எல்லாம் கையால் தொட்டுப் பார்த்தவள் மாதிரி சொன்னாள். கடைசியில் பெரிய சார் கேட்டார்.

"இம்பல்ஸ் ஜெனரேட்டர்ல வேலை பாக்கப் போறே. முதல் பாடம் என்ன?"

"ஆஃப் பண்ணினதும் கிட்ட போகக் கூடாது சார். கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். எர்த் ராட வெச்சு அத தரைக்கு இறக்கிட்டுத்தான் கை வைக்கணும். ஆஃப் பண்ணினவன் மறந்துடுவான், கப்பாசிட்டர் மறக்காதுன்னு சார் முதல் வகுப்புலயே சொன்னாரு."

"எந்த சாரு?"

"நம்ம சார்தான்." அவள் பேராசிரியரைக் காட்டினாள்.

"அப்படியா! நல்ல பாடம்" என்றார் பெரிய சார். பேராசிரியருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

அவள் வெளியே போனதும் கண்காணிப்பாளர் அம்மா விஷயத்தைக் குழு முன்னால் வைத்தார். மூன்று மாதம் குறைகிறது. தலையாட்டி நாற்காலியை இழுத்துக்கொண்டு பேராசிரியரின் காதருகே வந்தார்.

"சார், இத எதுக்கு சார் பெருசு பண்ணணும்? நேர்காணல்ல தேறலன்னு போட்டுட்டா முடிஞ்சது. உங்க சர்வீஸ் பேச்சே வராது. உங்க பேரும் கெடாது. அந்தப் பொண்ணுக்கும் காரணம் தெரியப் போறதில்ல."

தலைவர் போடுகிற மார்க்கில் பத்துக்கு ஐந்து எடுத்தால்தான் தேற முடியும். பேராசிரியர் பேனாவை எடுத்தார். என்ன சொல்ல, வெட்கக்கேடு! வாழ்நாளெல்லாம் நேர்மை நேர்மை என்று மார்தட்டிய மனிதர், ஒரு பதிலில்கூடத் தடுமாறாத பெண்ணின் பெயருக்கு நேராக 4 என்று எழுதினார். எழுதிய பிறகுதான் எழுதியிருக்கிறோம் என்பதே உறைத்தது. இன்றைக்கு அவள் போய்விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், கண்டிப்பானவர் என்ற பெயர் அப்படியே இருக்கும் என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. தன் மூலைதான், வேறு யாருடையதும் இல்லை.

பக்கத்தில் பெரிய சார் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், அவ்வளவுதான்.

பேராசிரியர் நாலை அடித்தார். கோடு ஒன்று போதாது என்பதுபோல நாலைந்து தடவை அடித்தார். மேலே 9 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார்" என்றார். பெரிய சார் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "விதிய தளர்த்தணும்னு கேக்கறேன். காரணம்... குழுத் தலைவர் தன்னோட சர்வீஸ தப்பா கணக்குப் போட்டுட்டாரு, அத நம்பி விண்ணப்பதாரர் வேலைய விட்டுட்டாங்க. இப்படியே பதிவு பண்ணிக்குங்கம்மா. நான் உங்ககிட்ட கேக்கறதுக்கு எனக்கு முகம் இல்ல சார். அன்னைக்கு..."

அவர் முடிப்பதற்குள் பெரிய சாரின் கை மேலே போய்விட்டது. தலையாட்டி திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார். பேராசிரியர் கடைசியாகத் தூக்கினார்.

பெரிய சார் கையை இறக்கவில்லை. அதையே ஒரு தடவை பார்த்தார்.

"ஒண்ணும் வலிக்கலப்பா" என்றார். "நீயும் அன்னைக்குத் தூக்கியிருக்கலாம்."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்டுக்குப் பதில் சொல்லலாம், சண்டை போடலாம். இதற்கு என்ன செய்வது? பேராசிரியர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாதவர்போலத் திருகிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் இப்ப என்ன பண்றான் சார்?"

"இப்பவாவது கேட்டியே. ரெண்டு மூணு இடம் அலைஞ்சான். அங்கயும் ஏதேதோ தட்டிப் போச்சு. அப்புறம் விட்டுட்டான். டிரான்ஸ்பார்மர் கம்பெனி ஒண்ணுல விற்பனைப் பிரிவுல இருக்கான். நல்லாத்தான் இருக்கான், குடும்பம் குட்டின்னு. போன் பண்ணினா மட்டும், 'நம்ம சப்ஜெக்ட்ல புதுசா ஏதாவது வந்திருக்கா சார்'னு கேப்பான்."

"நம்பர் இருக்கா சார்?"

பெரிய சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து நம்பரை வாசித்தார்.

சேதி சொல்லக் கண்காணிப்பாளர் அம்மா எழுந்தார். "நீங்க உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியரே வெளியே போனார். நடையில் போட்டிருந்த பெஞ்சில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்தாள்.

"இடம் கெடைச்சிருக்கும்மா."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தெரியும் சார். நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

"அப்படிச் சொல்லாதே. உள்ள என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நான் என் சர்வீஸ தப்பா கணக்குப் போட்டுட்டேன். என்னால உனக்குப் போயிருக்கும். வெளியிலேர்ந்து வந்தாரே, அந்த சாராலதான் கெடைச்சுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களா சார்? கணக்குல தப்பா? சும்மா சொல்றீங்க." தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டாள். வீட்டுக்குப் போன் செய்ய ஓடினாள். போகிற போக்கில் திரும்பி மறுபடி ஒரு தடவை நன்றி சொன்னாள். நாலு மார்க்கைப் பற்றி அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லத்தான் நினைத்தார்.

ஆய்வுக்கூடத்துக்குப் போனார். கம்பி வேலிக்கு அப்பால் ஜெனரேட்டர் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. எர்த் ராடு அதன் கொக்கியில் தொங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நம்பரை ஒரு தடவை சரிபார்த்து, போன் செய்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"வணக்கம் சார், சொல்லுங்க!" கலகலப்பான குரல். "புது டிரான்ஸ்பார்மரா, பழசுக்கு மாத்தறதுக்கா? எத்தனை கே.வி.ஏ. வேணும்?"

பேராசிரியர் தான் யார் என்று சொன்னார். எந்தக் கல்லூரி, எந்த நேர்காணல், கை தூக்காதது யார் என்பதையும் சொன்னார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் எப்படியோ வந்தது.

அந்தப் பக்கம் பின்னால் யாரோ விலை பேசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் வந்தது. கலகலப்பெல்லாம் போய், ரொம்பச் சின்னதாக, வாசலில் ஃபைலோடு நிற்கிற பையனின் குரலாக வந்தது.

"சார், அந்த ரூல மாத்திட்டாங்களா?"

இனியாவது தான் சேர முடியுமா என்றுதான் அவன் கேட்கிறான் என்று பேராசிரியருக்குப் புரிந்தது.

"இல்லப்பா" என்றார்.

"பரவால்ல சார். சும்மாதான் கேட்டேன்." உடனே பழைய கலகலப்பைக் கூட்டிக்கொண்டான். "காலேஜுக்கு எப்பவாவது டிரான்ஸ்பார்மர் தேவைப்பட்டா சொல்லுங்க சார். நல்ல விலைல முடிச்சுத் தரேன்."